மத்திய வங்கி நியமனங்கள்: பகிரங்க விசாரணை வெறும் நாடகமா?

அமெரிக்க மத்திய வங்கியான பெடரல் ரிசேர்வின் ஆளுநர் சபைக்கு ஒருவரை அந்நாட்டு ஜனாதிபதி தெரிவு செய்தாலும், அவர் அடுத்த நாளே பதவியேற்றுவிட முடியாது. வொஷிங்டனில் செனட் சபையின் வங்கித்துறைக் குழுவின் முன்பாக, தொலைக்காட்சிக் கமராக்களுக்கு எதிரில் அவர் அமர வேண்டும். வலது கையை உயர்த்திச் சத்தியப் பிரமாணம் செய்ய வேண்டும். குழுவின் உறுப்பினர்கள் தமக்கு ஒதுக்கப்பட்ட சில நிமிடங்களுக்குள் தொடுக்கும் கேள்விகளுக்கு விடையளிக்க வேண்டும். பின்னர் குழு வாக்களிக்கும். அதனைத் தொடர்ந்து நூறு உறுப்பினர்களைக் கொண்ட முழுச் சபையும் வாக்களிக்கும். உறுதிப்படுத்தல் விசாரணை என அழைக்கப்படும் இந்த ஏற்பாடு ஒரு வெறும் நாடகமே என்ற குற்றச்சாட்டு அமெரிக்காவிலேயே நெடுங்காலமாக முன்வைக்கப்பட்டு வருகின்றது.

எங்கோ வொஷிங்டனில் நடக்கும் ஒரு சடங்கு குறித்து நாம் ஏன் அக்கறை கொள்ள வேண்டும் எனச் சிலர் கேட்கக்கூடும். மத்திய வங்கியின் தலைமைப் பீடத்தில் அமர்பவர் எடுக்கும் தீர்மானங்கள் சாதாரண மக்களின் அடுப்படி வரை எவ்வாறு வந்து சேரும் என்பதை இலங்கையர்களுக்கு எவரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின் அடிப்படையிலான பணவீக்கம் 70 சதவீதத்தை அண்மித்தபோது பருத்தித்துறை மீனவரும் சம்மாந்துறை விவசாயியும் புறக்கோட்டை வர்த்தகரும் அப்பாடத்தை ஒருங்கே கற்றுக்கொண்டனர். எனவே, அத்தகைய பதவிக்கு ஒருவரை அமர்த்துவதற்கு முன்னர் அவரைப் பகிரங்கமாகக் கேள்வி கேட்பதால் உண்மையில் ஏதேனும் பயன் விளைகின்றதா என்பது எமக்கும் உரிய கேள்வியே.

ஏற்பாடு இயங்கும் விதம்

அமெரிக்க அரசியலமைப்பின் இரண்டாம் உறுப்புரை, உயர் பதவிகளுக்கான நியமனங்களைச் செனட் சபையின் ஆலோசனையுடனும் சம்மதத்துடனுமே ஜனாதிபதி செய்யலாம் என வரையறுக்கின்றது. 1913 ஆம் ஆண்டில் பெடரல் ரிசேர்வ் சட்டம் இயற்றப்பட்டபோது அதன் சபை உறுப்பினர்களும் இந்நடைமுறைக்குள் கொண்டுவரப்பட்டனர். இன்று சபையில் ஏழு ஆளுநர்கள் உள்ளனர். ஒருவரின் முழுத் தவணை 14 ஆண்டுகள். தலைவரின் தவணை நான்கு ஆண்டுகள். ஆளுநர் பதவிக்கும் தலைவர் பதவிக்கும் தனித்தனியே செனட் சபையின் சம்மதம் பெறப்பட வேண்டும். அதேவேளை, வட்டி வீதத்தைத் தீர்மானிக்கும் குழுவின் 12 வாக்குகளில் ஐந்து வாக்குகள் பிராந்திய ரிசேர்வ் வங்கிகளின் தலைவர்களிடம் உள்ளன. அவர்கள் செனட் சபையின் முன்னிலையில் இத்தகைய விசாரணை எதற்கும் முகங்கொடுப்பதில்லை என்பதும் கவனிக்கத்தக்கது.

இந்த உரசல் ஆரம்ப நாட்களிலேயே தோன்றிவிட்டது. 1914 இல் ஜனாதிபதி வூட்ரோ வில்சன் முதலாவது சபைக்கு நியமித்தவர்களுள் ஒருவரான போல் வார்பர்க், வோல் ஸ்ட்ரீட்டின் புகழ்பெற்ற வங்கியாளர். செனட் குழுவின் முன் தோன்றிக் கேள்விகளுக்கு விடையளிப்பதைத் தமது கண்ணியத்துக்கு இழுக்காகக் கருதிய அவர் முதலில் மறுத்துவிட்டார். பின்னர் மனம் மாறிக் குழுவைச் சந்தித்தார். அவ்வருடம் ஓகஸ்ட் மாதத்தில் அவரது நியமனம் உறுதிப்படுத்தப்பட்டது. பெருநிறுவனத் தொடர்புகள் காரணமாக எதிர்ப்பைச் சந்தித்த தோமஸ் ஜோன்ஸ் என்ற மற்றொருவரின் பெயரை வில்சன் மீளப்பெற நேர்ந்தது. ஆக, எவருடைய நலனுக்காக இவர் பணியாற்றப் போகின்றார் என்ற கேள்வி இந்நிறுவனத்தின் பிறப்போடு பிறந்த கேள்வியாகும்.

நாடகம் என்போரின் நியாயம்

இவ்விசாரணைகளை நாடகம் என்போர் ஆதாரமின்றிப் பேசவில்லை. விசாரணைக்கு முன்னர் வெள்ளை மாளிகையின் அதிகாரிகளும் ஆலோசகர்களும் நியமனம் பெறுபவரைச் சுற்றி அமர்ந்து, செனட்டர்கள் கேட்கக்கூடிய கடினமான கேள்விகளையெல்லாம் தாமே கேட்டு ஒத்திகை பார்ப்பது வழக்கமாகிவிட்டது. எமது கூத்துக் களரியில் அண்ணாவியார் பின்நின்று பாட்டை எடுத்துக் கொடுப்பதைப் போன்ற ஏற்பாடு இது. எந்தக் கேள்விக்கு எவ்வளவு சொல்ல வேண்டும், எதனைச் சொல்லாமல் விட வேண்டும் என்பதெல்லாம் முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டுவிடுகின்றன. கேள்வி கேட்பவர்களும் தமக்குரிய ஐந்து நிமிடங்களின் பெரும்பகுதியைத் தமது தொகுதி மக்களுக்கான உரையாக ஆக்கிவிடுகின்றனர். சந்தை வட்டி வீதங்களும் பங்கு விலைகளும் ஒரு சொல்லில் ஆடிவிடும் என்பதால், எதிர்காலக் கொள்கை பற்றி எவரும் தெளிவான வாக்குறுதி வழங்குவதில்லை.

போல் வொல்க்கரின் அனுபவம் இதற்கு நல்லதோர் உதாரணம். 1979 ஜூலை இறுதியில் விசாரணைக்குத் தோன்றிய அவர், சில நாட்களிலேயே செனட்டின் சம்மதத்தைப் பெற்று ஓகஸ்ட் 6 ஆம் திகதி பதவியேற்றார். அமெரிக்கப் பொருளாதாரத்தின் போக்கையே மாற்றிய அவரது நாணயக் கட்டுப்பாட்டுத் தீர்மானம் ஒக்டோபர் 6 ஆம் திகதி அறிவிக்கப்பட்டது. வட்டி வீதங்கள் 20 சதவீதத்தை அண்மிக்கவும் இலட்சக்கணக்கானோர் வேலை இழக்கவும் வழிவகுத்து, இறுதியில் பணவீக்கத்தை அடக்கிய அத்தீர்மானம், விசாரணை முடிந்து இரண்டு மாதங்களுக்குப் பின்னர் எடுக்கப்பட்டதாகும். ஒரு மத்திய வங்கியாளரின் மிகப் பெரிய தீர்மானத்தை விசாரணை மேசையில் முன்கூட்டியே கண்டறிய முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

பென் பேர்னான்கேயின் கதையும் அவ்வாறானதே. 2005 நவம்பரில் நடைபெற்ற விசாரணையில், நிதிச் சந்தைகளின் வழிப்பெறுதிகள் எனப்படும் சிக்கலான ஒப்பந்தங்கள் ஆபத்தானவையல்லவா என அவரிடம் வினவப்பட்டது. அவற்றைக் கையாள்பவை பெரும்பாலும் விடயமறிந்த நிதி நிறுவனங்களே என்ற கருத்துப்படத் தாம் அதுபற்றி அவ்வளவு அச்சங்கொள்ளவில்லை என அவர் விடையளித்தார். குழு திருப்தியடைந்தது. 2006 ஜனவரியில் செனட் சபை அவரது நியமனத்தைக் குரல் வாக்கெடுப்பின் மூலமே நிறைவேற்றியது. மூன்று ஆண்டுகள் கழிவதற்குள் அதே சந்தைகளிலிருந்து உலக நிதி நெருக்கடி வெடித்தது.

கேள்வி சரியாகவே கேட்கப்பட்டது. விடை தவறாக இருந்தது. அத்தவற்றை அன்று எவராலும் நிரூபிக்க முடியவில்லை. கொள்கை அறிவைச் சோதிக்கும் பரீட்சையாக நோக்கினால், இவ்விசாரணைகள் தேறவில்லை என்பதே நேர்மையான முடிவாகும்.

மேடைக்கு அப்பால் நடப்பவை

ஆயினும், பரீட்சை என்ற ஒரே கோணத்திலிருந்து இவற்றை எடைபோடுவது பொருத்தமானதன்று. விசாரணை நடைபெறப் போகின்றது என்ற ஒரே காரணத்தினால் அதற்கு முன்னரும் பின்னரும் நடைபெறும் காரியங்கள் பல உள்ளன. அவற்றிலேயே இதன் பயன் பெரிதும் தங்கியுள்ளது.

முதலாவது, வெளிப்படுத்தல். விசாரணைக்கு வருபவர் தமது சொத்துக்கள், வருமானங்கள், முன்னைய தொழில்கள், வகித்த பதவிகள், எழுதிய கட்டுரைகள், ஆற்றிய உரைகள் என்பவற்றை எழுத்து மூலம் சமர்ப்பிக்க வேண்டும். மத்திய வங்கியின் மேற்பார்வைக்கு உட்பட்ட நிறுவனங்களில் உள்ள பங்குகளை விற்றுவிடுவதாக உடன்பட வேண்டும். கமரா அணைந்த பின்னரும் செனட்டர்கள் எழுத்து மூலம் மேலதிக கேள்விகளை அனுப்புவர்; அவற்றுக்கான விடைகளும் பதிவேட்டில் சேர்க்கப்படும். தொலைக்காட்சியில் தோன்றாத இந்தக் காகிதங்களே பல சந்தர்ப்பங்களில் மேடைப் பேச்சைவிடக் கனதியானவை.

இரண்டாவது, முன்கூட்டிய தடுப்பு. 2019 இல் ஜனாதிபதி டொனால்ட் ட்ரம்ப், தமது அரசியல் ஆதரவாளர்களான ஸ்டீபன் மூர், ஹெர்மன் கெய்ன் ஆகிய இருவரையும் பெடரல் ரிசேர்வ் சபைக்கு நியமிக்க விரும்புவதாக அறிவித்தார். ஜனாதிபதியின் சொந்தக் கட்சியான குடியரசுக் கட்சியின் செனட்டர்கள் மத்தியிலேயே தயக்கம் தோன்றியது. இருவரது பெயர்களும் செனட் சபைக்கு அனுப்பப்படாமலேயே கைவிடப்பட்டன. அவர்களுக்கு விசாரணை எதுவும் நடைபெறவில்லை. எனினும், விசாரணை என்ற வாசற்படியைத் தாண்ட வேண்டியிருக்கும் என்ற நினைப்பே அவர்களைத் தடுத்தது.

மூன்றாவது, அரிதாகவேனும் நிகழும் உண்மையான தோல்வி. 2020 பெப்ரவரி 13 ஆம் திகதி ஜூடி ஷெல்டன், கிறிஸ்ரோபர் வோலர் ஆகிய இருவரும் ஒரே மேசையில் அமர்ந்து குழுவின் கேள்விகளுக்கு முகங்கொடுத்தனர். நாணயத்தைத் தங்கத்துடன் இணைப்பது பற்றிய ஷெல்டனின் பழைய எழுத்துக்களும், ஆட்சி மாறியதும் வட்டி வீதம் பற்றிய அவரது நிலைப்பாடு மாறியமையும் அன்று இரு கட்சியினராலும் துருவிக் கேட்கப்பட்டன. அவரது நியமனத்தை வாக்கெடுப்புக்கு நகர்த்தும் பிரேரணை அவ்வருடம் நவம்பரில் 47 க்கு 50 என்ற கணக்கில் தோல்வியுற்றது. 2021 பெப்ரவரியில் புதிய ஜனாதிபதி ஜோ பைடன் அப்பெயரை மீளப்பெற்றார். வோலரோ 2020 டிசெம்பரில் 48 க்கு 47 என்ற கணக்கில் உறுதிப்படுத்தப்பட்டார். ஒரே ஜனாதிபதி, ஒரே நாள், ஒரே மேசை, முடிவுகள் இரண்டு. எல்லாம் முன்கூட்டியே எழுதப்பட்ட நாடகமாயின் இவ்வேறுபாடு தோன்றியிருக்க முடியாது.

நான்காவது, பதிவு. விசாரணையின் தொடக்கத்தில், குழு எப்போது அழைத்தாலும் மீண்டும் வந்து சாட்சியமளிக்க உடன்படுகின்றீரா என ஒவ்வொருவரிடமும் கேட்கப்படும். ஆம் என்ற அந்த விடை அவரைப் பதவிக்காலம் முழுவதும் கட்டிவைக்கின்றது. 2005 இல் இலகுவாகத் தப்பிய பேர்னான்கே, இரண்டாவது தவணைக்காக 2009 டிசெம்பரில் அதே குழுவின் முன் மீண்டும் அமர்ந்தபோது நிலைமை வேறாக இருந்தது. வங்கி மேற்பார்வையில் நிகழ்ந்த தவறுகளுக்காக அவர் கடுமையாகக் கேள்வி கேட்கப்பட்டார். குரல் வாக்கெடுப்பில் நுழைந்தவர் இம்முறை 70 க்கு 30 என்ற வாக்கெடுப்பில் தேற வேண்டியிருந்தது. அதுவரை எந்தவொரு தலைவருக்கும் எதிராக அவ்வளவு வாக்குகள் விழுந்ததில்லை. முதல் நாள் சொன்ன சொல் மறுநாள் அளவுகோலாகின்றது. அந்த அளவுகோல் பொதுமக்களின் கையிலும் இருக்கின்றது என்பதே முக்கியமானது.

லண்டனில் ஒரு பதவி விலகல்

நியமனத்தைத் தடுக்கும் அதிகாரம் இல்லாத குழுவால் என்ன செய்ய முடியும் என்ற கேள்விக்குப் பிரித்தானிய அனுபவம் விடை தருகின்றது. 1997 இல் இங்கிலாந்து வங்கியின் நாணயக் கொள்கைக் குழு உருவாக்கப்பட்ட பின்னர், அதன் உறுப்பினர்களை அழைத்து விசாரிக்கும் வழக்கத்தைப் பொதுச்சபையின் திறைசேரிக் குழு ஏற்படுத்திக்கொண்டது. சட்டம் அக்குழுவுக்குத் தடுப்பதிகாரம் எதனையும் வழங்கவில்லை. 2000 ஆம் ஆண்டில் பொருளியலாளர் கிறிஸ்ரோபர் அல்சொப்பின் நியமனத்தைப் பரிந்துரைக்க இயலாது எனக் குழு அறிக்கையிட்டபோது, நிதியமைச்சர் கோர்டன் பிரவுண் அதனைப் பொருட்படுத்தாது நியமனத்தைத் தொடர்ந்தார். இதனை நோக்கியவர்கள் அக்குழுவைப் பல்லில்லாத புலி என எண்ணியிருப்பின் வியப்பில்லை.

ஆனால், 2017 இல் நிலைமை தலைகீழாகியது. இங்கிலாந்து வங்கியின் பிரதான செயற்பாட்டு அதிகாரியாக 2013 முதல் கடமையாற்றிய சார்லட் ஹொக், பிரதி ஆளுநராக நியமிக்கப்பட்டு, பெப்ரவரி 28 ஆம் திகதி திறைசேரிக் குழுவின் முன் தோன்றினார். அவரது சகோதரர் வங்கியின் மேற்பார்வைக்கு உட்பட்ட பார்க்ளேஸ் வங்கியில் பணியாற்றியமையும், அதனை அவர் உரிய முறையில் வெளிப்படுத்தத் தவறியிருந்தமையும் இவ்விசாரணை நடைமுறையின் ஊடாகவே வெளிச்சத்துக்கு வந்தன. அத்தகைய வெளிப்படுத்தலைக் கோரும் ஒழுக்கக்கோவையைத் தயாரிப்பதில் பங்குகொண்டவரே அவர் என்பது விடயத்தை மேலும் பாரதூரமாக்கியது. அவரது தொழில்சார் தகுதி இப்பதவிக்குரிய மிக உயர்ந்த தரத்தை எட்டவில்லை என மார்ச் 14 ஆம் திகதி குழு அறிக்கையிட்டது. அன்றைய தினமே அவர் பதவி விலகினார்.

அவர் அந்த உறவைப் பயன்படுத்தி எவருக்கும் நன்மை செய்ததாகக் குழு குற்றஞ்சாட்டவில்லை. வெளிப்படுத்தாமையே குற்றமாகக் கொள்ளப்பட்டது. தடுப்பதிகாரம் எதுவுமற்ற ஒரு குழு, பகிரங்கக் கேள்வி என்ற ஒரே ஆயுதத்தால் இதனைச் சாதித்தது.

இருப்பினும், பகிரங்கம் எப்போதும் வெல்லும் எனவும் கூறிவிட முடியாது. ஐரோப்பிய மத்திய வங்கியின் நிறைவேற்றுச் சபைக்கு லக்சம்பேர்க்கைச் சேர்ந்த ஈவ் மேர்ஷ் பிரேரிக்கப்பட்டபோது, அச்சபையில் பெண் ஒருவரேனும் இல்லை என்பதைக் காரணமாகக் காட்டி ஐரோப்பியப் பாராளுமன்றம் 2012 ஒக்டோபரில் அதற்கு எதிராக வாக்களித்தது. ஐரோப்பியத் தலைவர்கள் மறுமாதமே அவரை நியமித்தனர். ஆலோசனை கேட்கும் கடமை மட்டுமே அவர்களுக்கு இருந்தது. ஏற்கும் கடமை இருக்கவில்லை.

வாக்குக் கணக்கு முந்திக்கொள்ளும்போது

இம்முறைக்கு எதிராக மற்றொரு பாரிய குற்றச்சாட்டும் உண்டு. தகுதியற்றவர்களைத் தடுப்பதற்கான வாசல், தகுதியுள்ளவர்களையும் தடுத்துவிடுகின்றது என்பதே அது. பொருளியலாளர் பீற்றர் டயமண்டை 2010 ஏப்ரலில் ஜனாதிபதி ஒபாமா நியமித்தார். நாணயக் கொள்கையில் போதிய அனுபவம் இல்லை எனக் கூறிக் குடியரசுக் கட்சியின் மூத்த செனட்டர் ரிச்சர்ட் ஷெல்பி எதிர்ப்புத் தெரிவித்தார். அவ்வருடம் ஒக்டோபரில் டயமண்டுக்குப் பொருளியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. அதன் பின்னரும் வாசல் திறக்கவில்லை. மூன்று தடவைகள் பெயர் அனுப்பப்பட்டும் முழுச் சபையின் வாக்கெடுப்பைக் காணாமலேயே 2011 ஜூனில் அவர் விலகிக்கொண்டார். 2022 இல் வங்கி மேற்பார்வைக்கான உபதலைவராகப் பிரேரிக்கப்பட்ட சேரா புளூம் ராஸ்கினின் விடயத்தில், குடியரசுக் கட்சியினர் குழுவின் வாக்கெடுப்பையே பகிஷ்கரித்தனர். ஆளுங்கட்சியைச் சேர்ந்த செனட்டர் ஜோ மான்சினும் எதிர்ப்பதாக அறிவித்ததும் அவர் விலக நேர்ந்தது. இவ்விரண்டிலும் மேசையில் கேட்கப்பட்ட கேள்விகளைவிடக் கட்சிக் கணக்கே தீர்ப்பு வழங்கியது.

கட்சிக் கணக்கு மறுதிசையிலும் வேலை செய்யும். வெள்ளை மாளிகையின் பொருளாதார ஆலோசகர் சபைத் தலைவராக இருந்த ஸ்டீபன் மிரான், 2025 செப்டெம்பர் 4 ஆம் திகதி செனட் குழுவின் முன் தோன்றினார். பெடரல் ரிசேர்வில் பணியாற்றும் காலத்தில் வெள்ளை மாளிகைப் பதவியை இராஜினாமாச் செய்யப் போவதில்லை, சம்பளமற்ற விடுமுறையில் மட்டுமே செல்லப் போவதாக அவர் அங்கு தெரிவித்தார். ஜனாதிபதியின் ஆலோசகர் பதவியைக் கைவிடாமலே சுதந்திரமான மத்திய வங்கியில் வாக்களிப்பது எவ்வாறு என எதிர்க்கட்சியினர் மீண்டும் மீண்டும் கேட்டனர். செப்டெம்பர் 15 ஆம் திகதி 48 க்கு 47 என்ற கணக்கில் அவர் உறுதிப்படுத்தப்பட்டார். மறுநாள் ஆரம்பமான கொள்கைக் கூட்டத்தில் அமர்ந்து, ஏனையோர் கால் சதவீதப் புள்ளி வட்டிக் குறைப்புக்கு ஆதரவளித்தபோது, அவர் மட்டும் அரைச் சதவீதப் புள்ளி குறைக்க வேண்டும் என மாறுபட்டு வாக்களித்தார்.

இதனை நாடகத்தின் உச்சம் எனச் சிலர் கூறுவர். விசாரணை அவரைத் தடுக்கவில்லை என்பது உண்மையே. ஆயினும், இரு பதவிகளையும் பற்றிய அந்த ஏற்பாட்டை அவர் தமது வாயாலேயே, சத்தியப் பிரமாணத்தின் கீழ், நாடறியச் சொல்ல வேண்டியிருந்தது. அவரது பின்னைய வாக்குகள் ஒவ்வொன்றையும் அந்த வாக்குமூலத்தின் ஒளியில் வைத்து மக்கள் எடைபோட முடிகின்றது. நியமிக்கும் தரப்பும் விசாரிக்கும் தரப்பும் ஒரே கட்சியின் இரு கரங்களாகும்போது விசாரணையின் தடுக்கும் வலு குன்றிவிடுகின்றது. வெளிப்படுத்தும் வலு அப்போதும் எஞ்சி நிற்கின்றது.

எமது நாட்டின் மூடிய கதவு

இனி எமது நாட்டுக்கு வருவோம். 1949 ஆம் ஆண்டின் நாணய விதிச் சட்டத்தின் கீழ், நிதியமைச்சரின் பரிந்துரையின் பேரில் நாட்டுத் தலைவர் ஆளுநரை நியமிப்பதே வழமையாக இருந்து வந்தது. நிதியமைச்சர் பதவியை ஜனாதிபதியோ அவரது குடும்பத்தவரோ வகித்த காலங்களில் பரிந்துரைப்பவருக்கும் நியமிப்பவருக்கும் இடையிலான இடைவெளி பெயரளவிலேயே எஞ்சியது.

அதன் விளைவுகள் இரண்டை இங்கு நினைவுகூர்தல் தகும். 2015 ஜனவரியில் அர்ஜுன மகேந்திரன் ஆளுநராக நியமிக்கப்பட்டார். சுமார் ஒரு மாதத்தில், பெப்ரவரி 27 ஆம் திகதி, 100 கோடி ரூபாவுக்கென அறிவிக்கப்பட்ட பிணைமுறி ஏலத்தில் சுமார் 1000 கோடி ரூபாவுக்கான கேள்விகள் ஏற்கப்பட்டன. ஆளுநரின் மருமகனுடன் தொடர்புடைய முதன்மை வணிகர் நிறுவனமொன்று அதில் பெரும் பங்கைப் பெற்றமை நாட்டையே உலுக்கிய சர்ச்சையாகி, ஜனாதிபதி ஆணைக்குழு வரை சென்றது. அந்த உறவுமுறை எவரும் அறியாத இரகசியமன்று. நியமனத்துக்கு முன்னர், உமது உறவினர் எவரேனும் மத்திய வங்கியுடன் கொடுக்கல் வாங்கல் செய்யும் நிறுவனங்களில் உள்ளனரா, ஆமெனில் அதற்கு என்ன செய்யப் போகின்றீர் என்ற கேள்வியை ஒரு பகிரங்க மேசையில் கேட்டு விடையைப் பதிவு செய்வதற்கு எமது நாட்டில் இடமிருக்கவில்லை. லண்டனில் ஒரு சகோதரரின் உத்தியோகத்தை வெளிப்படுத்தாமைக்காக ஒருவர் பதவி துறக்க நேர்ந்ததை இதனுடன் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இரண்டாவது, 2021 செப்டெம்பரில் நிகழ்ந்தது. இராஜாங்க அமைச்சராகவிருந்த அஜித் நிவாட் கப்ரால் பாராளுமன்ற உறுப்பினர் பதவியைத் துறந்து, இரண்டாவது தடவையாக ஆளுநராகப் பதவியேற்றார். வெளிநாட்டு ஒதுக்குகள் கரைந்துகொண்டிருந்த வேளை அது. ரூபாவின் பெறுமதியை எவ்வளவு காலம் பிடித்து வைத்திருக்கப் போகின்றீர், 2022 ஜனவரியில் செலுத்த வேண்டிய 50 கோடி டொலர் இறைமைப் பிணைமுறிக் கடனைச் செலுத்திவிட்டு எரிபொருளுக்கும் மருந்துக்கும் எங்கிருந்து டொலர் பெறப் போகின்றீர் என்றெல்லாம் கேட்க அன்று எவருக்கும் வாய்ப்பளிக்கப்படவில்லை. 2022 ஏப்ரல் 12 ஆம் திகதி நாடு வெளிநாட்டுக் கடன் செலுத்துகையை இடைநிறுத்தியது. பொருளாதார நெருக்கடிக்கு வழிவகுத்ததன் மூலம் பொதுமக்களின் நம்பிக்கைப் பொறுப்பை மீறியவர்களுள் முன்னாள் ஆளுநர்கள் இருவரும் அடங்குவர் என உயர் நீதிமன்றம் 2023 நவம்பர் 14 ஆம் திகதி பெரும்பான்மைத் தீர்ப்பளித்தது. கேள்விகள் கேட்கப்பட்டன, ஆனால், எல்லாம் முடிந்த பின்னரே கேட்கப்பட்டன.

அந்தப் பேரழிவின் பின்னர் சட்டம் மாறியது. 2023 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்க இலங்கை மத்திய வங்கிச் சட்டத்தின் கீழ், ஆளுநரை நியமிப்பதற்கு நிதியமைச்சரின் பரிந்துரையுடன் அரசியலமைப்புப் பேரவையின் அங்கீகாரமும் அவசியம். பணவீக்க இலக்குத் தவறினால் அதற்கான காரணங்களைப் பாராளுமன்றத்துக்கு விளக்கும் கடப்பாடும் வங்கிக்கு உண்டு. 2024 இல் மத்திய வங்கி ஊழியர்களின் சம்பள உயர்வு சர்ச்சையானபோது, அரசாங்க நிதி பற்றிய குழுவின் முன் வங்கி விளக்கமளிக்க வேண்டியிருந்தது. இவை வரவேற்கத்தக்க மாற்றங்களே.

எனினும், பதவிக்கு வந்த பின்னர் கேள்வி கேட்கும் வாசல் திறந்துள்ள அளவுக்கு, பதவிக்கு வரும் முன்னர் கேட்கும் வாசல் திறக்கவில்லை. சபாநாயகரின் தலைமையில் பத்து உறுப்பினர்களைக் கொண்ட அரசியலமைப்புப் பேரவை மூடிய அறையிலேயே கூடுகின்றது. பெயர் ஏற்கப்பட்டதா, இல்லையா என்பதை மக்கள் அறிவர். எந்தக் கேள்விக்கு எந்த விடை கிடைத்ததன் பேரில் ஏற்கப்பட்டது என்பதை அறியார். தூதுவர்கள், அமைச்சுச் செயலாளர்கள் போன்றோரைப் பரிசீலிக்கும் பாராளுமன்றத்தின் உயர் பதவிகள் பற்றிய குழு, பெயர்களைப் பத்திரிகைகளில் வெளியிட்டுப் பொதுமக்களின் அபிப்பிராயங்களைக் கோருகின்றது. நாட்டின் பணப்பெட்டியைக் காப்பவருக்கு அதைவிடக் குறைந்த வெளிச்சம் போதும் என்பதற்கு நியாயமில்லை.

தமிழ் பேசும் மக்களுக்கு இதில் விசேட அக்கறை இருக்க வேண்டும். அதிகாரத்தின் உள்ளறையில் இருப்போருக்குத் தமக்குத் தேவையான விடயங்களைத் தெரிந்துகொள்ளப் பகிரங்க விசாரணை வேண்டியதில்லை; தொலைபேசி போதும். அறைக்கு வெளியே நிற்பவர்களுக்கே பகிரங்கப் பதிவு வேண்டும். யுத்தத்தால் சேமிப்பை இழந்து மீண்டும் சிறுகச் சிறுகச் சேர்த்த குடும்பமும், மத்திய கிழக்கில் உழைத்த பணத்தை வீட்டுக்கு அனுப்பும் தொழிலாளியும், சொற்ப முதலுடன் இறக்குமதி வியாபாரம் செய்பவரும் ரூபாவின் வீழ்ச்சியை வேறெவரையும்விட முன்னதாக உணர்கின்றனர். அவர்களின் பெயரால் எவரும் அந்த அறையில் கேள்வி கேட்டனரா என்பதை அறிய இன்று வழியில்லை.

அமெரிக்க முறையை அப்படியே இறக்குமதி செய்ய வேண்டும் என இங்கு வாதிடப்படவில்லை. கட்சிக் கணக்கு அங்கு விளைவித்த தீமைகளையும் மேலே கண்டோம். பிரித்தானிய மாதிரியே எமக்கு அண்மையானது. அங்கீகாரம் வழங்கும் அதிகாரம் அரசியலமைப்புப் பேரவையிடமே இருக்கட்டும். அதற்கு முன்னர், எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவரின் தலைமையிலான பாராளுமன்றக் குழுவொன்று பிரேரிக்கப்பட்டவரை ஒரு நாள் பகிரங்கமாகக் கேள்வி கேட்கட்டும். அவரது சொத்துக்களும் நெருங்கிய உறவினரின் நிதித்துறைத் தொடர்புகளும் எழுத்தில் வெளியிடப்படட்டும். விடைகள் சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மும்மொழிகளிலும் பதிவாகட்டும். கோப் குழுவின் அமர்வுகள் ஊடகங்களுக்குத் திறந்துவிடப்பட்டபோது வானம் இடிந்து விழவில்லை. மாறாக, அரச நிறுவனங்களின் உண்மை நிலையை மக்கள் முதன்முறையாகக் கண்ணால் கண்டனர்.

அரங்கேற்றம் என்ற சொல்லைத் தமிழர் நாம் இன்று நடனத்துக்கும் கூத்துக்கும் உரியதாகவே பெரிதும் வழங்குகின்றோம். முற்காலத்தில் ஒரு நூலைச் சான்றோர் அவையில் வைத்து, அவர்கள் எழுப்பும் தடைகளுக்கு விடைகூறி ஏற்பைப் பெறுவதற்கும் அதுவே பெயராக இருந்தது. அதுவும் ஒரு மேடைதான்; ஒத்திகை பார்த்தே அங்கும் வந்திருப்பர். ஆயினும், அவையில் எழுந்த கேள்விக்கு அவையிலேயே விடை சொல்ல வேண்டியிருந்தது. நாட்டின் நாணயத்தைப் பொறுப்பேற்க வருபவர் அத்தகைய ஓர் அவையைச் சந்திக்க வேண்டும் எனக் கேட்பது மிகையான கோரிக்கையன்று. 2022 இல் வரிசைகளில் நின்ற மக்களுக்கு அக்கோரிக்கையை முன்வைக்கும் உரிமை நிச்சயமாக உண்டு.